ஐபிஎம் எக்ஸ்டியின் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலரை மென்பொருளில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினிகளுக்கு எமுலேட்டர் (அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதத் தொடங்குகிறவர்கள் சிபியூவை ஓட்டிவிடுகிறார்கள். திரையில் எழுத்தும் வந்துவிடுகிறது. பலர் தடுமாறி நிற்கும் இடம் ஹார்டு டிஸ்க். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொண்ட இயந்திரம், 1983 மார்ச் மாதம் அறிமுகமான ஐபிஎம் பிசி எக்ஸ்டி. அதில் இருந்த, செபெக் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த ஹார்டு டிஸ்க் கார்டுதான் கன்ட்ரோலர், அதாவது டிஸ்கைக் கட்டுப்படுத்திக் கணினியோடு இணைக்கும் பலகை. போர்ட் (சிபியூ கார்டோடு பேசும் எண்ணிட்ட வாசல்), கட்டளை, முகவரி, பைட் மதிப்பு, இன்டரப்ட் அழைப்பு, பிழைக் குறி ஆகியவற்றின் எண்களை ஹெக்ஸ் (16 அடிமான) முறையில் தந்திருக்கிறேன். ஐஆர்கியூ (கார்டு சிபியூவை இடைமறித்து அழைக்கும் இன்டரப்ட் கம்பி), டிஎம்ஏ (சிபியூ தலையிடாமல் நினைவகத்துக்குத் தரவை நகர்த்தும் வழி) சேனல் உள்பட மற்றவை வழக்கமான எண்கள்.

எத்தனையோ கன்ட்ரோலர்கள் இருக்க, ஏன் இந்தக் கார்டு?

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார்டு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. கணினியோடு பேச இதற்கு நான்கே போர்ட்கள்தான். கட்டளைகளும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்டில் இருக்கும் பயாஸ் ரோமின் (வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல் பதிந்த சிப்) முழு அசெம்பிளி நிரலையும், வரிக்கு வரி குறிப்புகளோடு, எக்ஸ்டியின் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் நூலின் பிற்சேர்க்கையில் ஐபிஎம் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. கன்ட்ரோலரிடம் எந்த வரிசையில் என்ன கேட்கப்படும், எந்தப் பதில் வந்தால் ஏற்கப்படும், எது வந்தால் பிழை என்று முடிவாகும் என எல்லாமே அதில் எழுத்தில் இருக்கின்றன. எமுலேட்டர் எழுதுகிறவருக்கு அந்த நிரலைவிடப் பெரிய ஆவணம் இல்லை. முதல் வரி எழுதுவதற்கு முன்பு அதை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள்.

டிஸ்க் என்ன செய்கிறது, கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

அந்தக் காலத்து டிஸ்குக்குச் சுயபுத்தி மிகக் குறைவு. சீகேட் எஸ்டி-412 வகை டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 306 சிலிண்டர் (எல்லாப் பரப்புகளிலும் ஒரே தூரத்தில் இருக்கும் டிராக்குகளின் தொகுதி), 4 ஹெட் (படித்து எழுதும் முனை), நிமிடத்துக்கு 3,600 சுற்று. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் கார்டுக்கு வருகின்றன. 34 பின் கேபிளில் 'உள்ளே நகர்', 'வெளியே நகர்', 'இந்த ஹெட்டைத் தேர்ந்தெடு' போன்ற கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகள் செல்கின்றன. 20 பின் கேபிளில் நொடிக்கு 50 லட்சம் பிட் வேகத்தில் எம்எஃப்எம் (பிட்களைத் துடிப்புகளாகப் பதியும் முறை) துடிப்புகள் ஓடுகின்றன. செக்டர் (டிராக்கின் 512 பைட் துண்டு) எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது டிஸ்குக்குத் தெரியாது.

அந்த அறிவெல்லாம் கார்டிடம்தான் இருக்கிறது. துடிப்புகளைப் பைட்டுகளாக மாற்றுவது, தலைப்பைப் படித்துச் சரியான செக்டரைக் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு செக்டரோடும் சேர்த்து எழுதப்பட்ட 4 பைட் பிழைதிருத்தக் குறியீட்டைச் சரிபார்ப்பது ஆகியவை அதன் வேலை. கார்டிலேயே தனியாக ஒரு நுண்செயலி இருக்கிறது. ஒரு செக்டரைப் பிடித்துவைக்கும் இடைநினைவகமும் இருக்கிறது. நாம் மென்பொருளில் எழுதப்போவது இந்தக் கார்டின் வெளிமுகத்தை.

டாஸ்பாக்ஸில் ஹார்டு டிஸ்க் நன்றாகத்தானே ஓடுகிறது? கன்ட்ரோலர் எதற்கு?

டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டரான டாஸ்பாக்ஸ், டிஸ்க் வேலைக்காக நிரல்கள் பயாஸை அழைக்கும் இன்டரப்ட் 13 அழைப்பை நடுவழியிலேயே பிடித்து, அதற்கான வேலையைத் தானே செய்துவிடுகிறது. விளையாட்டுகளை ஓட்டுவதே நோக்கம் என்றால் அது போதும். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் இயந்திரத்தையே மறுபடி எழுப்ப வேண்டும் என்று நினைப்பவருக்குப் போதாது. கார்டின் உண்மையான ரோம் அங்கே ஓடாது. ஐபிஎம்மின் பரிசோதனை டிஸ்கெட், டிஸ்கை அடிமட்டத்திலிருந்து ஃபார்மேட் செய்யும் கருவிகள், போர்ட்களை நேரடியாகத் தொடும் இயங்குதளங்கள் எதுவும் வேலை செய்யாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்தப் போர்ட்களுக்காக எழுதிய நிரல், ஒரு பைட்கூட மாறாமல் இன்று ஓடவேண்டும் என்றால், அது எதிர்பார்க்கும் கன்ட்ரோலர் எதிரே இருந்தாக வேண்டும்.

கணினியின் பக்கமிருந்து பார்த்தால் கார்டு எப்படித் தெரியும்?

போர்ட் 320 முதல் 323 வரை. ஐஆர்கியூ 5. டிஎம்ஏ சேனல் 3. நினைவகத்தில் சி8000 முகவரியில் ரோம்.

320 தரவுப் பாதை: கட்டளை, தரவு, முடிவுநிலை எல்லாம் இதன் வழியேதான் போகின்றன, வருகின்றன. 321-ஐப் படித்தால் நிலை தெரியும்; அதில் எழுதினால் கார்டு ரீசெட் ஆகும். 322-ஐப் படித்தால் டிஸ்க் வகையைச் சொல்லும் சுவிட்சுகள் தெரியும். அதில் எதையாவது எழுதினால் 'உனக்கு வேலை வருகிறது' என்று கார்டைத் தட்டி எழுப்புவதாகப் பொருள். 323-இல் எழுதும் பைட்டின் 0-ஆவது பிட் டிஎம்ஏவையும், 1-ஆவது பிட் இன்டரப்டையும் அனுமதிக்கின்றன.

321-இன் ஆறு பிட்கள்தான் இந்த முழு வேலையின் உயிர்நாடி. 0-ஆவது பிட்: கார்டு ஒரு பைட்டைக் கேட்கிறது அல்லது கொடுக்கக் காத்திருக்கிறது. 1-ஆவது: திசை, 1 என்றால் கார்டிலிருந்து கணினிக்கு. 2-ஆவது: போவது கட்டளை அல்லது முடிவுநிலையா, தரவா. 3-ஆவது: கார்டு வேலையில் இருக்கிறது. 4-ஆவது: டிஎம்ஏ கோரிக்கை. 5-ஆவது: இன்டரப்ட்.

இந்த அமைப்பு ஷுகார்ட் நிறுவனத்தின் சாஸி பஸ்ஸிலிருந்து (டிஸ்குகளைக் கணினியோடு இணைக்கும் முறை) வந்தது. அதுவே வளர்ந்து 1986-இல் ஸ்கஸி என்ற தரமாக நிலைபெற்றது. ஸ்கஸி தெரிந்தவர்களுக்கு ஆறு பைட் கட்டளையும் கட்டம் கட்டமாக நகரும் உரையாடலும் பழகிய முகமாகவே இருக்கும்.

ஒரே ஒரு செக்டரைப் படிக்கும்போது என்னதான் நடக்கிறது?

சிலிண்டர் 100, ஹெட் 2, செக்டர் 5. பயாஸிடம் இப்படிக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

பயாஸ் முதலில் 322-இல் எழுதுகிறது. கார்டு விழித்துக்கொண்டு 'வேலையில் இருக்கிறேன்' பிட்டை ஏற்றுகிறது, கட்டளைக்காகக் காத்திருக்கிறது. இப்போது 321-இன் கீழ் நான்கு பிட்கள் 1101 என்று இருக்க வேண்டும்: வேலையில், கட்டளை, கணினியிலிருந்து கார்டுக்கு, பைட் வேண்டும். பயாஸ் இந்த 1101-க்காகத்தான் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் நேரம் முடிந்துவிட்டது என்று கைவிட்டுவிடும்.

பிறகு 320-இல் ஆறு பைட்டுகள் வந்து இறங்குகின்றன: 08 02 04 64 01 00. முதல் பைட் 08 படிக்கும் கட்டளை. இரண்டாவதில் 5-ஆவது பிட் டிஸ்க் எண், கீழ் பிட்கள் ஹெட். மூன்றாவதில் மேல் இரண்டு பிட்கள் சிலிண்டர் எண்ணின் உயர்ந்த பிட்கள், மற்றவை செக்டர். நாம் கேட்டது 5, வந்திருப்பது 4. பயாஸ் செக்டர்களை 1-இலிருந்து எண்ணுகிறது, கார்டு 0-இலிருந்து எண்ணுகிறது. ஒன்றைக் கழித்துத்தான் பயாஸ் அனுப்புகிறது. நான்காவது பைட் 64, அதாவது 100. ஐந்தாவது எத்தனை செக்டர்கள் என்ற எண்ணிக்கை. கடைசியாகக் கட்டுப்பாட்டுப் பைட். ஹெட் நகரும் வேகமும், பிழை வந்தால் மறுபடி முயல வேண்டுமா என்பதும் அதில் இருக்கும்.

ஆறாவது பைட் வந்ததும் கார்டின் வேலை தொடங்குகிறது. கோப்பில் அந்த 512 பைட்டுகளை எடுத்து இடைநினைவகத்தில் வைக்கிறோம். டிஎம்ஏ கோரிக்கையை எழுப்புகிறோம். டிஎம்ஏவை நடத்தும் 8237 சிப்பின் சேனல் 3 ஒவ்வொரு பைட்டாக எடுத்து நினைவகத்தில் போடுகிறது. கடைசி பைட் போனதும் கட்டம் மாறுகிறது: இப்போது கீழ் நான்கு பிட்கள் 1111. இன்டரப்டுக்கு அனுமதி இருந்தால் 5-ஆவது பிட்டையும் ஏற்றி, ஐஆர்கியூ 5-ஐ எழுப்புகிறோம். பயாஸ் 320-இலிருந்து ஒரு முடிவுநிலைப் பைட்டைப் படிக்கிறது. அதில் 1-ஆவது பிட் இருந்தால் பிழை. 5-ஆவது பிட் டிஸ்க் எண். அந்தப் பைட் படிக்கப்பட்டவுடன் 'வேலையில்' பிட் இறங்கிவிட வேண்டும்.

அவ்வளவுதான். எழுதும் கட்டளையில் தரவின் திசை மட்டும் மாறும்.

ஆக, நிரலில் இதை எப்படி அமைப்பது?

கட்டங்களை வெளிப்படையாக எழுதுங்கள்: சும்மா இருத்தல், கட்டளை வாங்குதல், வேலை செய்தல், தரவு உள்ளே, தரவு வெளியே, முடிவுநிலை. நிலைப் பைட்டை எங்கும் சேமித்துவைக்காதீர்கள். 321 படிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இப்போதைய கட்டத்திலிருந்து அதைக் கணக்கிட்டுக் கொடுங்கள். ஆங்காங்கே பிட்களை ஏற்றியும் இறக்கியும் எழுதப்பட்ட நிரலில், ஏதோ ஒரு பாதையில் ஒரு பிட் விடுபட்டுப்போகும். அதைத் தேடுவது பெரும்பாடு. கட்டம் சரியாக இருந்தால் பிட்கள் தாமாகவே சரியாக இருக்கும்.

இன்னொன்று: தரவுக் கட்டத்துக்கு டிஎம்ஏ பாதை மட்டும் போதாது. டிஸ்கின் அளவுகளைச் சொல்லும் 0சி கட்டளைக்குப் பின்னால் வரும் 8 பைட்டுகளையும், பிழை விவரம் கேட்கும் 03 கட்டளைக்கான 4 பைட்டுகளையும் பயாஸ் நேரடியாகப் போர்ட் 320 வழியாகவே கையாளுகிறது. 323-இல் டிஎம்ஏ பிட் இல்லை என்றால் ஒவ்வொரு பைட்டுக்கும் 0-ஆவது பிட்டைக் காட்டிக் காத்திருக்க வேண்டும்.

கணினி தொடங்கும்போது 1701 என்று வருகிறது. என்ன கோளாறு?

ஹார்டு டிஸ்க் சோதனை தேறவில்லை என்று பொருள். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ரோம் ஓடுகிறது, உங்கள் கார்டோடு பேசிப் பார்த்திருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். கார்டின் சுயபரிசோதனைக் கட்டளைகளுக்கு 'எல்லாம் நலம்' என்ற முடிவுநிலையைக் கொடுக்கிறீர்களா, 01 கட்டளை ஹெட்டைச் சிலிண்டர் 0-க்குக் கொண்டுபோய்விட்டு முடிகிறதா, 0சி கட்டளை 8 பைட்டுகளையும் வாங்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏழு பைட்டோடு நிறுத்திவிட்டால் எட்டாவது பைட் அடுத்த கட்டளையின் முதல் பைட்டாகிவிடும். அதன் பிறகு எதுவும் ஒழுங்காக நடக்காது.

1701 கூட வரவில்லை. கார்டே இல்லாததுபோல் நேராக ஃப்ளாப்பிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் ஓட்டுவது எக்ஸ்டியா, பழைய பிசியா என்று பாருங்கள். 1981-இல் வந்த முதல் பிசியின் பயாஸ், கார்டுகளில் இருக்கும் ரோமைத் தேடவே தேடாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸில்தான் அந்த வசதி வந்தது. எக்ஸ்டியின் பயாஸ் சி8000-இலிருந்து 2 கேபி இடைவெளியில் ஒவ்வோர் இடமாகப் பார்த்துப்போகும்; முதல் இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்து, கூட்டுத்தொகைச் சோதனையும் தேறினால் மட்டுமே அந்த ரோமை அழைக்கும். ரோம் கோப்பில் ஒரு பைட் கெட்டிருந்தாலும் இது நடக்காது.

ரோம் அழைக்கப்பட்டதற்கான தடயம் எளிது. இன்டரப்ட் 13-இல் இருந்த ஃப்ளாப்பி வழியை அது இன்டரப்ட் 40-க்கு மாற்றிவிட்டுத் தன்னை 13-இல் பொருத்திக்கொள்ளும். டிஸ்கின் அளவுப் பட்டியலுக்கான சுட்டியை 41-இல் வைக்கும். இந்த மூன்றையும் நினைவகத்தில் பார்த்துவிட்டால் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு டிஸ்க்தான் வைத்தேன். இரண்டு இருப்பதாகக் காட்டுகிறது.

இரண்டாவது டிஸ்கையும் பயாஸ் விசாரிக்கும். கட்டளையின் இரண்டாவது பைட்டில் 5-ஆவது பிட் ஏறி வரும். இல்லாத டிஸ்குக்குப் பிழையோடு பதில் சொல்ல வேண்டும். பிழை விவரம் கேட்டால் 04, அதாவது 'டிஸ்க் தயாராக இல்லை' என்று சொல்லுங்கள்.

டிஸ்க் கோப்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

306 சிலிண்டர் × 4 ஹெட் × டிராக்குக்கு 17 செக்டர் × செக்டருக்கு 512 பைட். ஆக 1,06,53,696 பைட்டுகள். 10 எம்பி என்று விற்கப்பட்டது இதுதான். ஒரு செக்டரின் இடத்தைக் கண்டுபிடிக்க: சிலிண்டரை 4-ஆல் பெருக்கி, ஹெட்டைக் கூட்டி, 17-ஆல் பெருக்கி, 0-இலிருந்து எண்ணிய செக்டரைக் கூட்டி, 512-ஆல் பெருக்குங்கள். மேலே பார்த்த சிலிண்டர் 100, ஹெட் 2, செக்டர் 5 கோப்பில் 35,01,056-ஆவது பைட்டில் தொடங்கும். விஎச்டி (மெய்நிகர் டிஸ்க்) வடிவக் கோப்பாக இருந்தால், நிலையான அளவுள்ளதில் கடைசியில் 512 பைட் வால் ஒன்று கூடுதலாக இருக்கும். தரவு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

டாஸில் டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் 305 சிலிண்டர்கள்தான் காட்டுகிறது என்று பலர் பதறுகிறார்கள். அது சரிதான். கடைசிச் சிலிண்டரைப் பரிசோதனைக்காக ஒதுக்கிவைத்து, அதைக் கழித்தே பயாஸ் பதில் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு 305 சிலிண்டருக்குக் கோப்பை வெட்டிவிடாதீர்கள். பரிசோதனை நிரல் அந்தக் கடைசிச் சிலிண்டரைத் தேடிவரும்.

322-இன் சுவிட்சுகள் சொல்லும் வகையும் கோப்பின் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒரு டிஸ்குக்கு இரண்டு பிட்கள், ஆகவே நான்கு வகைகள்தான். எந்தப் பிட் எந்த வகை என்பதை ரோம் நிரலில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

டிஎம்ஏவில் கவனிக்க வேண்டியது என்ன?

8237 சிப்புக்கு 16 பிட் முகவரிதான் தெரியும். அதற்கு மேலுள்ள பிட்கள் போர்ட் 82-இல் இருக்கும் தனிப் பதிவகத்தில் உள்ளன. முகவரி நிரம்பி 0-க்குத் திரும்பும்போது அந்தப் பதிவகத்தின் எண் அதிகரிக்காது. தரவு அதே 64 கேபி பகுதியின் தொடக்கத்துக்கே போய் விழும். இன்றைய நிரலாளரின் கை தானாகவே 20 பிட் முகவரியை ஒன்றுகூட்டி எழுதிவிடும். பயாஸ் முன்கூட்டியே சோதித்து 09 பிழையைக் கொடுத்துவிடுவதால் டாஸில் இது வெளியே தெரியாது. போர்ட்டை நேரடியாகத் தொடும் நிரல்களில் தெரியும்.

சேனல் 3-க்கு பயாஸ் அனுப்பும் முறைப் பைட் படிப்பதற்கு 47, எழுதுவதற்கு 4பி. உங்கள் டிஎம்ஏ நிரல் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேதான் தெரியவரும்.

தரவை உடனே கொடுத்துவிட்டால் என்ன? வேகமாக இருப்பது நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கன்ட்ரோலரில் பெரிய விஷயம் தரவு அல்ல, நேரம். கோப்பிலிருந்து 512 பைட் எடுப்பதை யாரும் செய்துவிடலாம். அந்த 512 பைட் எப்போது வருகிறது என்பதுதான் அந்த இயந்திரத்தின் குணம்.

முதலில் நடைமுறைக் காரணம். பல நிரல்கள் கட்டளையை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் இன்டரப்டை எதிர்கொள்ளத் தயாராகின்றன. ஆறாவது பைட் எழுதப்பட்ட அதே கணத்தில் நீங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டால், அவை காத்திருக்கத் தொடங்கும் முன்பே இன்டரப்ட் வந்து போய்விடும். எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு. பயாஸ் 321-ஐச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போது சுற்றுகளை எண்ணித்தான் நேரத்தை அளக்கிறது. உங்கள் டிஸ்கின் தாமதத்தை உங்கள் சொந்தக் கணினியின் கடிகாரத்தில் வைத்து, எமுலேட்டரின் சிபியூவை முழு வேகத்தில் ஓடவிட்டால், எண்ணிக்கை வெகு சீக்கிரம் தீர்ந்துபோய் 80 என்ற நேரம் கடந்த பிழை வரும். ஆகவே எல்லாத் தாமதங்களையும் எமுலேட்டரின் சிபியூ துடிப்புகளிலேயே கணக்கிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி டிஸ்க் சுழல்வதைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் ஒரு சுற்று 16.67 மில்லிநொடி. 4.77 மெகாஹெர்ட்ஸ் சிபியூவுக்கு அது ஏறத்தாழ 79,545 துடிப்புகள். ஒரு செக்டர் கடந்துபோக ஏறத்தாழ 4,679 துடிப்புகள். மொத்தத் துடிப்பு எண்ணிக்கையை ஒரு சுற்றின் துடிப்புகளால் வகுத்து வரும் மீதியே டிஸ்க் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். வேறு கடிகாரம் தேவையில்லை.

ஒரு செக்டரைப் படித்து, பிழை சரிபார்த்து, டிஎம்ஏ வழியே அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த செக்டர் ஹெட்டைக் கடந்துபோய்விடும். செக்டர்களை 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கியிருந்தால், ஒவ்வொரு செக்டருக்கும் முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒரு டிராக்கைப் படிக்க 17 சுற்றுகள், நொடிக்கு 30 கேபி அளவுக்குத்தான் தேறும். ஆகவே எக்ஸ்டியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து செக்டர்களை விட்டு, ஆறாவது இடத்தில் அடுத்ததை வைத்தார்கள். இதுதான் 6:1 இன்டர்லீவ். இப்போது ஆறு சுற்றில் ஒரு டிராக், நொடிக்கு ஏறத்தாழ 85 கேபி. அந்தக் கார்டின் வேகத்துக்கு ஏற்ப யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு அடுக்கிய அடுக்கு இது. உங்கள் எமுலேட்டரில் இன்டர்லீவை மாற்றி ஃபார்மேட் செய்தால் வேகம் உண்மையாகவே மாற வேண்டும். ஸ்பின்ரைட் போன்ற நிரல்கள் இன்டர்லீவை அளந்து மாற்றுவதற்காகவே வாங்கப்பட்டவை. நேரம் இல்லாத எமுலேட்டரில் அவை அளக்க ஒன்றுமே இருக்காது.

ஹெட் நகர்வதற்கு, எஸ்டி-412-இல் பக்கத்து டிராக்குக்கு 3 மில்லிநொடி, சராசரியாக 85 மில்லிநொடி. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டாலே டாஸ் தொடங்கும் வேகம் இயல்பாக அமையும். அவசரக்காரர்களுக்காகத் தாமதத்தை நிறுத்தும் ஒரு தெரிவையும் வையுங்கள். ஆனால் தொடக்க நிலையில் அது அணைந்தே இருக்கட்டும்.

எல்லாக் கட்டளைகளையும் எழுத வேண்டுமா?

டாஸ் தொடங்க 00, 01, 03, 05, 08, 0ஏ, 0பி, 0சி, இவற்றோடு சுயபரிசோதனைக் கட்டளைகள் போதும். அடிமட்ட ஃபார்மேட்டுக்கு 04, 06, 07. தெரியாத கட்டளை வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிழைக் குறி 20 கொடுத்து முடியுங்கள். என்ன கட்டளை வந்தது என்று பதிவேட்டிலும் எழுதிவையுங்கள்.

பிழைகளையும் உண்டாக்க வேண்டுமா?

அவசியம். பழைய நிரல்களின் பிழை கையாளும் பகுதிகள் ஓடுவதைப் பார்க்க இதைவிட்டால் வழியில்லை. பிழை விவரத்தின் முதல் பைட்டில் குறி வரும்: 11 திருத்த முடியாத தரவு, 14 செக்டர் கிடைக்கவில்லை, 15 நகர்வில் பிழை, 18 திருத்தப்பட்ட தரவு, 19 கெட்ட டிராக், 21 இல்லாத முகவரி. முகவரி செல்லும் என்றால் அதே பைட்டின் 7-ஆவது பிட்டை ஏற்ற வேண்டும். அடுத்த மூன்று பைட்டுகளில் டிஸ்க், ஹெட், சிலிண்டர், செக்டர். கெட்ட டிராக்குகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால், டாஸின் ஃபார்மேட் அவற்றை ஒதுக்கிவைப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கார்டிலுள்ள நுண்செயலியையும், எம்எஃப்எம் துடிப்புகளையும் சேர்த்தே எமுலேட் செய்தால்?

செய்யலாம், அது வேறு உயரமுள்ள மலை. போர்ட் அளவில் நடப்பது சரியாக இருந்தால் கணினியில் ஓடும் நிரல்களுக்கு வேறுபாடு தெரியாது. துடிப்பு அளவுக்கு இறங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: உண்மையான பழைய டிஸ்கிலிருந்து எடுத்த பதிவுகளைப் படிப்பது. செபெக் கார்டு எழுதிய டிராக்கின் தலைப்பு அமைப்பும் வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டு எழுதியதும் ஒன்றல்ல. ஒன்றில் ஃபார்மேட் செய்த டிஸ்கை மற்றொன்றில் மாட்டினால் படிக்க முடியாமல் போவது இதனால்தான்.

சவுண்ட் பிளாஸ்டர் சேர்த்ததும் டிஸ்க் நின்றுவிட்டது.

ஐஆர்கியூ 5 எக்ஸ்டியில் ஹார்டு டிஸ்குக்கு உரியது. ஒலி அட்டையை 7-க்கு மாற்றுங்கள்.

ரோமை எங்கே பெறுவது?

அது ஐபிஎம்மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. உங்களிடம் கார்டு இருந்தால் அதிலிருந்து படித்தெடுங்கள். எமுலேட்டரோடு ரோமைச் சேர்த்து வெளியிட வேண்டாம். எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. ஆனால் அது ஐடிஇ வகைக் கார்டுகளுக்கானது, செபெக் போர்ட்களோடு பேசாது. சோதனைக்கு மட்டும் என்றால், 322-ஐத் தட்டி ஒரு செக்டரைப் படித்துக் காட்டும் சிறு ரோமை நீங்களே எழுதிவிடலாம்.

இதை முடித்துவிட்டால் ஏடி கணினியின் கன்ட்ரோலர் எளிதாக இருக்குமா?

அது முற்றிலும் வேறு அமைப்பு. 1984-இல் வந்த ஏடியில் இருப்பது வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி1003. போர்ட்கள் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை, ஐஆர்கியூ 14. டிஎம்ஏ கிடையாது; சிபியூவே 16 பிட் அகலத்தில் தரவை அள்ளிக்கொள்ளும். ஆறு பைட் கட்டளையும் கிடையாது. சிலிண்டர், ஹெட், செக்டர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவகம். இதே பதிவகங்களைத்தான் பின்னர் ஐடிஇ டிஸ்குகள் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 1994-இல் அது ஏடிஏ என்ற தரமானது. இன்று க்யூஇஎம்யூ எமுலேட்டரின் ஐடிஇ பகுதியிலும் அவற்றைப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: டிஸ்க் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் கட்டளை ஐடிஇ காலத்தில் வந்தது. டபிள்யூடி1003-ஐ எழுதும்போது அதற்குப் பதில் சொல்லாமல் மறுத்துவிடுங்கள்.

என்னிடம் உண்மையான பழைய எம்எஃப்எம் டிஸ்க் இருக்கிறது. அதிலுள்ளதை எமுலேட்டருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும், தள்ளிப்போடாமல் செய்யுங்கள். பீகிள்போன் பலகையை வைத்து இயங்கும் எம்எஃப்எம் ரீடர் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்தப் பலகையின் செயலியில், இயங்குதளத்தின் குறுக்கீடு இல்லாமல் துல்லியமாக நேரம் பார்க்கும் தனி உட்செயலிகள் இருப்பதால் துடிப்புகளை ஒன்றுவிடாமல் பிடிக்க முடிகிறது. அதே பலகை, பழைய கணினிக்கு முன்னால் டிஸ்காகவும் நடிக்கும். முதலில் துடிப்புகளின் மூலப் பதிவையே சேமியுங்கள். செக்டர்களாகப் பிரிப்பது பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். சுழலும் தட்டு இன்னொரு முறை சுழலும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எழுதியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? வேறு யாருடைய நிரலைப் பார்க்கலாம்?

பிசிஎம், 86பாக்ஸ், மேம், பிசிஜேஎஸ், மார்ட்டிபிசி எல்லாவற்றிலும் இந்தக் கார்டு இருக்கிறது; எல்லாவற்றின் மூல நிரலும் பார்வைக்குக் கிடைக்கிறது. பிசிஜேஎஸ் உலாவியிலேயே ஓடுவதால் விரைவாக ஒப்பிட்டுப் பார்க்க வசதி. இரண்டு எமுலேட்டர்களின் நடத்தை முரண்பட்டால் ஐபிஎம்மின் அசெம்பிளி நிரலே தீர்ப்பு.

சோதனை வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் 1701 இல்லாமல் தொடங்குகிறதா. பிறகு டாஸ் 2.0-வின் எஃப்டிஸ்க், ஃபார்மேட். அந்தக் கோப்பை வெளியே எடுத்து, எஃப்ஏடி12 (டாஸின் கோப்பு அமைப்பு வகை) ஆகவும் 4 கேபி கிளஸ்டராகவும் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, டிஸ்க் நிறையும் வரை கோப்புகளை நகலெடுத்து, வேறொரு எமுலேட்டரில் அதே கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். இவை தேறிய பிறகு ஐபிஎம்மின் பரிசோதனை டிஸ்கெட்டை ஓட்டுங்கள். இவற்றுள் மிகக் கடுமையானது அதுதான். அது கார்டிடம் கேட்கும் சில கேள்விகளை டாஸ் ஒருபோதும் கேட்பதில்லை.